ஆடிக் கூழில் புளித்துப்போன வீட்டு பயோகேஸ் தொட்டி, 61 நாள் கழித்து

இன்று காலை 6.40க்குப் பற்றவைத்த அடுப்பு 7.18 வரை எரிந்தது. ஒரு குக்கர் துவரம்பருப்பு, அதற்குப் பின் அரை லிட்டர் பால், கடைசியில் அம்மாவுக்குக் குளிக்க ஒரு சின்னச் சட்டி வெந்நீர். சுடர் நல்ல நீலம், நுனியில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் செத்துப்போன தொட்டி இது. தூக்கிப் போட்டுவிடலாம் என்று இரண்டு முறை முடிவெடுத்தேன். எப்படி கெட்டது, நான் என்னென்ன தப்பான வைத்தியம் செய்தேன், எது கடைசியில் வேலை செய்தது என்பதை ஞாபகம் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன். சென்னையில் தனி வீட்டுப் பின்பக்கம் நாலடி இடம் வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருக்கிற யாருக்காவது உதவும்.

முதலில் தொட்டி. பெரம்பூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் மோட்டார் ரூமை ஒட்டி வைத்திருக்கிறேன், காலை வெயில் நன்றாக விழும் இடம். 1000 லிட்டர் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியின் மேல்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, அதற்குள் 750 லிட்டர் தொட்டியைக் கவிழ்த்து மிதக்க விட்டது, அவ்வளவுதான். கீழே சாணியும் கழிவும் கலந்த கரைசல், மேலே கவிழ்ந்த தொட்டிக்குள் வாயு. வாயு சேரச் சேர மேல்தொட்டி எழும்பும். பெரிய தொட்டி 6,200 ரூபாய், சின்னது 4,900. கழிவு ஊற்ற 3 அங்குல பி.வி.சி. குழாய், வழிந்து வெளியேற 2 அங்குலக் குழாய், டேங்க் நிப்பிள், எல்போ, சால்வென்ட், எம்சீல் எல்லாம் சேர்த்து 2,350. கேஸ் டியூப், பால் வால்வு 1,100. பழைய ஒற்றை பர்னர் அடுப்பு 1,250. பிளம்பர் கூலி இரண்டு நாளைக்கு 2,000. மொத்தம் 17,800 ரூபாய்.

மேல்தொட்டியின் பக்கவாட்டில் 5 செ.மீ. இடைவெளியில் வெள்ளை பெயின்ட்டில் கோடு போட்டேன். அதன் குறுக்களவு 90 செ.மீ., அதனால் ஒரு செ.மீ. எழும்பினால் ஏறக்குறைய 6.4 லிட்டர் வாயு. இந்தக் கோடு இல்லாமல் இருந்திருந்தால் பின்னால் நடந்தது எதுவும் எனக்குப் புரிந்திருக்காது.

அழுத்தத்துக்கு, மேஸ்திரிகள் மட்டம் பார்க்கிற டியூப்பில் தண்ணீர் ஊற்றி யு வடிவில் சுவரில் அடித்து, ஒரு முனையை கேஸ் டியூப்பில் மாட்டினேன். தொட்டியின் சொந்த எடையில் 2 செ.மீ. சொச்சம்தான் காட்டியது. மேலே 10 கிலோ கருங்கல் இரண்டு வைத்ததும் ஐந்தரை ஆயிற்று. சிலிண்டர் வாயு வரும் அழுத்தம் இதைப்போல ஐந்து மடங்குக்கு மேல். அதனால் சிலிண்டருக்கான ஜெட்டின் ஊசித்துளை வழியே இது போதுமான அளவு வராது. ஜெட்டைக் கழற்றி, துளையைப் பெரிதாக்க முதலில் 1.5 மி.மீ. டிரில் பிட் போட்டோம், போதவில்லை. 2.2 போட்டதும் சரியாயிற்று. காற்றுத் துளையையும் முக்கால்வாசி மூட வேண்டியிருந்தது.

அடுத்து சாணி. இரண்டு தெரு தள்ளி நாலு மாடு வைத்திருக்கும் பால்கார அக்காவிடம் 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டில் மூன்று பக்கெட், 45 கிலோ. வைக்கோலைப் பொறுக்கி எடுத்துவிட்டு, கரைத்து ஊற்றி, மீதியை போர் தண்ணீரில் நிரப்பினேன். இதில் இரண்டு தப்பு. ஒன்று, 45 கிலோ மிகக் குறைவு. இரண்டாவது எங்கள் போர் தண்ணீர். உப்புத் தண்ணீர், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 1,900 காட்டும். ஏப்ரல் கடைசியில் முதல் வாயு வந்தபோது அழுகின முட்டை நாற்றம் தெருவரை போயிற்று. அது ஏன் என்று எனக்கு ஆகஸ்டில்தான் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் மேல்தொட்டி ஒரு சாண் எழும்பியது. முதல் தொட்டி வாயுவை எரிக்காமல் திறந்து விட்டுவிடுங்கள். உள்ளே பழைய காற்று கலந்திருக்கும். மீத்தேன் காற்றோடு 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் வெடிக்கும். தொட்டி அருகே தீக்குச்சி உரசவே கூடாது, அடுப்பு முனையில் மட்டும்தான். இரண்டாம் முறை எழும்பியதை அடுப்பில் விட்டு தீ வைத்தால் குச்சி அணைந்தது. கரியமில வாயுதான் அதிகம். 23ஆம் நாள்தான் பற்றியது. அதன்பின் மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் தினம் ஒரு கிலோ சமையல் கழிவு, 15 செ.மீ. எழுச்சி, பதினெட்டு இருபது நிமிடம் சுடர் என்று ஒழுங்காகப் போயிற்று. நாற்றத்துக்கு, பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைத் தண்ணீரில் நனைத்து ஒரு வாரம் துருப்பிடிக்க விட்டு, ஒன்றரை அடி பி.வி.சி. குழாயில் அடைத்து கேஸ் டியூப்பின் நடுவில் வைத்தேன். துரு கந்தக வாயுவைப் பிடித்துக்கொண்டு கறுப்பாகிவிடும். துருப்பிடிக்காத ஸ்டீல் நார் வாங்கிவிடாதீர்கள், அது பிரயோஜனப்படாது.

சரி, ஆடிக்கு வருகிறேன்.

எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் மூன்றாவது ஞாயிறு கூழ் ஊற்றினார்கள். மத்தியானம் ஓய்ந்தபோது அண்டாவில் கேழ்வரகுக் கூழ் 20 லிட்டருக்கு மேல் மீதி, சாதமும் 6 கிலோ அளவுக்கு. கீழே கொட்ட யாருக்கும் மனமில்லை. பால்கார அக்காவிடம் கேட்டேன். "வேணாம்மா, இவ்ளோ கூழும் சோறும் ஒரே நாள்ல குடுத்தா மாடு வயிறு உப்பிப் படுத்துடும்" என்று மறுத்துவிட்டார். என்னிடம்தான் தொட்டி இருக்கிறதே என்று அன்று சாயங்காலம் கூழ் முழுவதையும், மறுநாள் காலை சாதத்தைக் கரைத்தும் ஊற்றினேன்.

செவ்வாய்க்கிழமை காலை மேல்தொட்டி 40 செ.மீ. எழும்பி நின்றது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அன்று சுடர் எரிந்தது, ஆனால் அடுப்பிலிருந்து எழும்பி எழும்பிப் பறந்தது. புதன்கிழமை குச்சியைக் காட்டினால் பற்றி உடனே அணைந்தது. வியாழன் பற்றவே இல்லை. வழியும் குழாயில் வந்த தண்ணீர் முன்பெல்லாம் கறுப்பாகத் தார் வாசனையோடு இருக்கும். இப்போது சாம்பல் நிறம், புளித்த வாந்தி மாதிரி ஒரு நாற்றம், நடுவே காடி வாசனை. புளிப்பு பார்க்கிற பி.எச். தாள் 5க்கும் 6க்கும் இடையில் நிறம் காட்டியது (7க்குக் கீழே போகப் போகப் புளிப்பு அதிகம்).

முதல் தப்பு வைத்தியம்: சாணி குறைந்துவிட்டது என்று நினைத்து இன்னொரு பக்கெட் புதுச் சாணி ஊற்றினேன், தினசரிக் கழிவையும் நிறுத்தவில்லை. பட்டினி போட்டால் மீதி இருப்பதும் செத்துவிடும் என்று பயம். மூன்று நாளில் நிலைமை இன்னும் மோசம்.

இரண்டாவது: கூழ் ஊற்றியதிலிருந்து ஏழாம் நாள், புளிப்புக்குச் சுண்ணாம்பு என்று தாளித்த கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு கிலோவை ஒரே தடவையில் கரைத்து ஊற்றினேன். மூன்று மணி நேரத்தில் மேல்தொட்டி 11 செ.மீ. இறங்கிவிட்டது. எங்கேயோ ஓட்டை என்று சோப்பு நுரை தடவி ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன், ஒரு குமிழி இல்லை. சுண்ணாம்பு உள்ளே இருந்த கரியமில வாயுவைக் குடித்துவிட்டிருக்கிறது, 70 லிட்டர். தாள் அன்று பச்சை காட்டியது, மூன்றாம் நாள் மறுபடி பழைய மஞ்சள். சுண்ணாம்பு பெரும்பாலும் வெள்ளைச் சேறாக அடியில் படிந்தது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

பதினாலாம் நாள் அண்ணன் மகள் வந்தாள். நுண்ணுயிரியலில் முதுகலை படித்தவள். தாளைக் காட்டினேன். "அத்தை, இந்தத் தாளை நம்பிட்டு உக்காராதீங்க. பி.எச். இறங்குறதுதான் கடைசியா நடக்கும். அதுக்கு முன்னாடியே அமிலம் ஏற ஆரம்பிச்சிருக்கும்" என்றாள். பாரிமுனையில் 25 மில்லி பியூரெட் (சொட்டுச் சொட்டாக அளந்து விடுகிற கண்ணாடிக் குழாய்) ஒன்று, பேனா மாதிரி பி.எச். மீட்டர் ஒன்று, மீட்டரைச் சரிபார்க்க 4.01, 6.86 பஃபர் பொட்டலங்கள் வாங்கிவரச் சொன்னாள், எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய். 0.1 நார்மல் சல்ஃப்யூரிக் அமிலம் 100 மில்லி அவளே கொண்டுவந்தாள்.

செய்முறை எளிது. கரைசலைத் துணியில் வடிகட்டி 20 மில்லி எடுத்து, மீட்டரை வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக அமிலம் விட வேண்டும். பி.எச். 5.0 வரும்வரை எத்தனை மில்லி என்று ஒரு குறிப்பு, அங்கிருந்து 4.4 வரும்வரை இன்னும் எத்தனை மில்லி என்று இன்னொரு குறிப்பு. முதல் எண்ணை 250ஆல் பெருக்கினால் புளிப்பைத் தாங்கும் சக்தி, அதாவது காரத்தன்மை, லிட்டருக்கு மில்லிகிராமில். இரண்டாவதை 1.66ஆல் பெருக்கி, 0.15 கழித்து, 500ஆல் பெருக்கினால் தேங்கி நிற்கிற அமிலம். அமிலத்தைக் காரத்தன்மையால் வகுத்தால் 0.3 பக்கம் இருக்க வேண்டும், 0.4 தாண்டினால் கழிவைக் குறைக்க வேண்டும். எங்கள் தொட்டியில் மீட்டர் முதலில் 5.9 காட்டியது. பிறகு 4.8 மில்லி, 2.2 மில்லி. காரத்தன்மை 1,200, அமிலம் 1,751. விகிதம் 1.46.

அன்று சாயங்காலம் வாசல் படியில் உட்கார்ந்து அவள் சொன்னதுதான் எனக்கு இந்த வேலையையே மாற்றிக் கொடுத்தது. நான் நினைத்துக்கொண்டிருந்தது, சாணியில் இருக்கும் கிருமி சோற்றைத் தின்று கேஸ் விடுகிறது என்று. கேஸ் உண்டாக்குகிற உயிருக்குச் சோறு தின்னவே தெரியாதாம். அது பாக்டீரியாவும் இல்லை, ஆர்க்கியா என்ற தனிக் குலம். 1977இல் கார்ல் வோஸ் இவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டும்வரை பாக்டீரியா என்றுதான் எழுதிவந்தார்கள். அதற்கு வேண்டியது ஒன்றிரண்டு கார்பன் கொண்ட சின்னச் சின்னப் பொருள்கள்தான்: அசிட்டிக் அமிலம், ஃபார்மிக் அமிலம், மெத்தனால், இல்லையென்றால் ஹைட்ரஜனும் கரியமில வாயுவும்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளச் சொன்னாள். முதல் பந்தியில் உட்காருவது மாவையும் சோற்றையும் சர்க்கரையாக உடைத்து, சர்க்கரையைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்கள். அவை மிச்சம் வைப்பது புரொப்பியோனிக், பியூட்டிரிக் மாதிரி அமிலங்கள், கொஞ்சம் சாராயம். இரண்டாம் பந்தி அந்த மிச்சத்தை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றும். மூன்றாம் பந்திதான் நம் ஆள். முதல் பந்திக்காரர்கள் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகிறார்கள். அசிட்டிக் அமிலம் சாப்பிடும் மூன்றாம் பந்திக்காரர்களுக்கு நாள் கணக்கில் ஆகும், அதில் ஒரு வகைக்கு நாலைந்து நாள்கூட. நான் கூழை ஊற்றிய அன்று முதல் பந்தி நிரம்பி வழிந்தது. செவ்வாய்க்கிழமை 40 செ.மீ. எழும்பியது அவர்கள் விட்ட கரியமில வாயுவும் ஹைட்ரஜனும். அடுப்பில் சுடர் எகிறிப் பறந்ததற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். மூன்றாம் பந்திக்காரர்களால் அவ்வளவு அசிட்டிக் அமிலத்தை தின்று முடிக்க முடியவில்லை, அமிலம் ஏறியது, அவர்களுக்கு ஒத்துவருவது பி.எச். 6.8 முதல் 7.5 வரை, அதற்குக் கீழே போனதும் இருப்பதையும் தின்ன முடியாமல் நின்றுவிட்டார்கள்.

ஏன் இவ்வளவு மெதுவாக வளர்கிறது என்று கேட்டேன். கிடைக்கிற கூலி அவ்வளவுதான் என்றாள். அசிட்டிக் அமிலத்தில் இரண்டு கார்பன். அதை நடுவில் வெட்டி, ஒரு பாதி மீத்தேனாகவும் மறு பாதி கரியமில வாயுவாகவும் போகிறது. இதில் ஒரு மோலுக்கு, அதாவது 60 கிராம் அமிலத்துக்கு, கிடைப்பது 31 முதல் 36 கிலோஜூல். அதே அமிலத்தை ஆக்சிஜனோடு முழுசாக எரித்தால் 850 பக்கம் வரும். உயிரணுக்கள் சக்தியைச் சேர்த்துச் செலவழிக்கிற மூலக்கூறு ஏ.டி.பி.; ஒரு தடவை வெட்டினால் ஒரு முழு ஏ.டி.பி. செய்யக்கூட அந்தச் சக்தி போதாது. அதனால் சோடியம் அயனிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சவ்வுக்கு வெளியே தள்ளிச் சேர்த்து வைத்து, அவை திரும்ப உள்ளே பாயும்போது அந்த வேகத்தில் ஏ.டி.பி. செய்துகொள்கிறது. ஒரு ரூபாய் உண்டியல் மாதிரி. இந்த நினைப்பு எனக்கு ரொம்ப நாள் போகவில்லை. சர்க்கரையில் இருக்கிற சக்தியில் மூன்று பந்தியும் சேர்ந்து எடுத்துக்கொள்வது ஏழில் ஒரு பங்கு. மீதி ஆறு பங்கும் மீத்தேனுக்குள் அப்படியே வெளியே வருகிறது. காலையில் பருப்பு வேகிறது அந்த ஆறு பங்கில்.

முட்டை நாற்றத்துக்கும் அப்போதுதான் காரணம் கிடைத்தது. போர் தண்ணீரில் சல்ஃபேட் இருந்தால், அதை வைத்து மூச்சுவிடுகிற இன்னொரு கூட்டம் அதே ஹைட்ரஜனையும் அசிட்டிக் அமிலத்தையும் தின்கிறது, அவர்களுக்கு அதில் கூலி கொஞ்சம் அதிகம், அதனால் முந்திக்கொள்கிறார்கள். மீத்தேனுக்குப் பதில் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அன்றிலிருந்து மெட்ரோ தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து குளோரின் போனபின் ஊற்றுகிறேன். மூன்று வாரத்தில் நாற்றம் நன்றாகக் குறைந்தது.

இனி வைத்தியம். கழிவு அடியோடு நிறுத்தம். இதைக் கேட்டதும் எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் மூன்றாம் பந்திக்கு முன்னால் 1,751 மில்லிகிராம் சாப்பாடு ஏற்கெனவே பரிமாறிக் கிடக்கிறது என்று அவள் சொன்னபிறகு புரிந்தது.

பிறகு புளிப்பை முறிக்க. பால்கார அக்கா இதற்கு முன்பே ஒன்று சொல்லியிருந்தார்: மாடு சோறு தின்று உப்பிப் படுத்தால் டாக்டர் வருவதற்குள் ஆப்ப சோடா கரைத்துக் கொடுப்பார்களாம். அண்ணன் மகளிடம் இதைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. மாட்டின் இரைப்பையில் நடப்பதும் இதே புளிப்புதான், மருந்தும் அதேதான். சுண்ணாம்பு மாதிரி கரியமில வாயுவைக் குடிக்காது, பி.எச்.சை ஒரேயடியாகத் தூக்காது. கணக்குப் போட்டோம்: 900 லிட்டர் கரைசலில் காரத்தன்மையை 1,500 உயர்த்த 2.25 கிலோ ஆப்ப சோடா. ஒரேயடியாகப் போட்டால் நுரைத்து வழியும், சோடியமும் ஒரே நாளில் ஏறும். அதனால் தினம் 150 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு மக்கில் கரைத்து, 15 நாள். சில்லறையாக 180 ரூபாய் ஆயிற்று. ஊற்றியபின் மேல்தொட்டியைக் கையால் கால் சுற்று இப்படியும் அப்படியும் திருப்பினேன், கரைசல் கலங்க.

மூன்றாவது, புது விதை. இங்கேதான் நான் சாணியைப் பற்றி நினைத்தது தப்பு என்று தெரிந்தது. மாட்டின் இரைப்பையில் உணவு ஓரிரு நாளுக்கு மேல் தங்காது. அசிட்டிக் அமிலம் தின்னும் மெதுவான ஆட்களுக்கு அங்கே பெருக நேரமில்லை. அந்த அமிலத்தை மாடே உறிஞ்சி உடம்புக்கு எடுத்துக்கொள்கிறது. இரைப்பையில் மீத்தேன் வருவது பெரும்பாலும் ஹைட்ரஜன் தின்பவர்களால். ஆக, புதுச் சாணியில் நமக்கு வேண்டிய ஆட்கள் கொஞ்சம்தான். ஓடிக்கொண்டிருக்கிற கோபர் கேஸ் (சாணி வாயு) குழியிலிருந்து வழியும் கழிவில்தான் அவர்கள் கூட்டமாக இருப்பார்கள். கொடுங்கையூர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் எங்களுக்குப் பக்கம், அங்கே கழிவுச் சேற்றிலிருந்து வாயு எடுத்து மின்சாரம் செய்கிறார்கள், ஆனால் சாக்கடைச் சேற்றை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம் என்று விட்டுவிட்டோம். செங்குன்றம் தாண்டி ஒரு மாட்டுப் பண்ணையில் பல வருஷமாக ஓடும் கோபர் கேஸ் இருந்தது. அங்கிருந்து மூடி போட்ட கேன்களில் 60 லிட்டர். குட்டி யானை வாடகை 700 ரூபாய். கேனைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும், காற்று இருக்கக் கூடாது. இந்த உயிர்களுக்கு ஆக்சிஜன் விஷம். வாயு உண்டாகிக்கொண்டே வரும் என்பதால் வழியில் இரண்டு தடவை மூடியைத் தளர்த்தி விட்டேன். வீட்டில் 60 லிட்டர் பழைய கரைசலை வெளியே எடுத்துவிட்டு, இதை 3 அங்குலக் குழாய் வழியாக, நீண்ட புனலை அடிவரை விட்டு மெதுவாக ஊற்றினோம். அது 22ஆம் நாள்.

அதன்பின் எட்டு நாள் ஒன்றுமே இல்லை. கோடு அசையவில்லை. தினம் காலையில் போய்ப் பார்ப்பதும் சோடா கரைப்பதும்தான் வேலை. 31ஆம் நாள் வழியும் குழாயின் வாயில் சின்னச் சின்னக் குமிழிகள், கடுகு தாளிக்கும்போது எண்ணெயில் வருமே அந்த அளவுக்கு, விடாமல் வந்துகொண்டிருந்தன. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 34ஆம் நாள் கோடு 4 செ.மீ. 37ஆம் நாள் அடுப்பு பற்றியது, 9 நிமிடம். அன்று அளந்தபோது காரத்தன்மை 2,200, அமிலம் 1,502, விகிதம் 0.68.

எரிகிறதே என்று அன்றே கழிவு போட ஆரம்பிக்க வேண்டும் போல இருந்தது. அண்ணன் மகள் போனில் தடுத்தாள். பத்து நாள் கழித்து 47ஆம் நாள் அளந்தால் 2,350க்கு 1,419, விகிதம் 0.60. பெரிதாக இறங்கவே இல்லை. வாயுவும் தினம் 5 செ.மீ.யில் நின்றது. அசிட்டிக் அமிலம் தீர்ந்து இப்போது மிச்சமிருப்பது புரொப்பியோனிக் அமிலமாக இருக்கும் என்றாள். அது இரண்டாம் பந்திக்காரர்கள் வேலை, அவர்கள் நிலைமை இன்னும் நெருக்கடி. புரொப்பியோனிக்கை உடைத்தால் ஹைட்ரஜன் வரும். அந்த ஹைட்ரஜன் பக்கத்தில் கொஞ்சம் சேர்ந்தாலே அந்த வேலையில் லாபம் போய் நஷ்டமாகிவிடும், நின்றுவிடும். வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே ஹைட்ரஜன் இருந்தால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. அதனால் ஹைட்ரஜன் தின்னும் ஆர்க்கியாவை ஒட்டியே வாழ்கிறார்கள். சாராயத்தைத் தனியாகவே மீத்தேனாக்கும் ஓர் உயிர் என்று பல வருஷம் நம்பிய ஒன்றை 1967இல் பிரையன்ட் குழுவினர் பிரித்துப் பார்த்தபோது, அது இப்படி ஒட்டி வாழும் இரண்டு உயிர்கள் என்று தெரிந்ததாம். ஒன்று சாராயத்தை அசிட்டிக் அமிலமும் ஹைட்ரஜனுமாக மாற்றுகிறது, மற்றது அந்த ஹைட்ரஜனைத் தின்று மீத்தேன் விடுகிறது. தனியாக வளர்த்தால் முதல் உயிர் தன் ஹைட்ரஜனாலேயே முடங்கிவிடுகிறது.

இதைக் கேட்டபின் நான் மாற்றியது ஒரே ஒரு விஷயம். தொட்டியைத் தினம் அரை மணி நேரம் பலமாகக் கலக்கிக்கொண்டிருந்தேன், சீக்கிரம் ஆகட்டும் என்று. ஒட்டி வாழ்பவர்களைப் பிரித்துப் போடுகிற வேலை அது என்று அவள் சொன்னதால், காலையில் ஒரு தடவை கால் சுற்று என்று குறைத்தேன். அதனால்தான் சரியானதா, நாள் ஆனதால் சரியானதா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் இன்னொரு தொட்டி இல்லை. 52ஆம் நாள் 200 கிராம் காய்த்தோலோடு மறுபடி ஆரம்பித்தேன், இரண்டு நாளுக்கு ஒரு தடவை 200 கிராம் ஏற்றம். 61ஆம் நாள் 11.6 மில்லி, 1.2 மில்லி. காரத்தன்மை 2,900, அமிலம் 921, விகிதம் 0.32. பி.எச். 7.1. அமிலம் கரையக் கரைய காரத்தன்மை தானே ஏறுகிறது. கடைசி இரண்டு வாரத்துக்கும் மேல் சோடா ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை.

அது போன வாரம். இப்போது தினம் 2 கிலோ கழிவு, 4 லிட்டர் தண்ணீரில் மிக்ஸியில் அடித்து ஊற்றுகிறேன், கோடு 30 செ.மீ., கிட்டத்தட்ட 190 லிட்டர். காசுக் கணக்கு கேட்பவர்களுக்கு: இது சிலிண்டர் வாயுவில் நாளுக்கு 85 கிராம் மாதிரி. 38 நாள் வரும் 14.2 கிலோ சிலிண்டர் இந்த வேகத்தில் 49 நாள் வரவேண்டும். மாதம் 150, 160 ரூபாய் மிச்சம். போட்ட 17,800ஐ இதில் எடுக்க ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகும், அதனால் பணத்துக்காக யாரும் இதைக் கட்ட வேண்டாம். எங்கள் வீட்டு ஈரக்குப்பை வண்டிக்குப் போவதில்லை, வழியும் தண்ணீரில் முருங்கை மாடியைத் தொட்டுவிட்டது, எனக்கு அது போதும்.

மறுபடி கட்டினால், புதுச் சாணிக்காக அலையாமல் முதல் நாளே ஓடுகிற கோபர் கேஸிலிருந்து 150 லிட்டராவது கொண்டுவருவேன். பியூரெட்டைத் தொட்டியோடு சேர்த்தே வாங்குவேன். அடியில் சேறு எடுக்க ஒரு 2 அங்குல வால்வு வைப்பேன். இப்போது அது இல்லாததால் அந்தச் சுண்ணாம்பை எடுக்க வழியில்லை. கேஸ் டியூப் தாழ்வாகத் தொங்கும் இடத்தில் தண்ணீர் கோத்துக்கொண்டு சுடர் குதிக்கிறது, அங்கே ஒரு டீ போட்டு வடிகுழாய் வைக்க வேண்டும், அதை மழைக்கு முன் செய்துவிடுவேன். தொட்டிக்குள் இப்போது காலை 32 டிகிரி. மார்கழியில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, கழிவை ஒன்றரை கிலோவாகக் குறைக்க வேண்டியிருக்கலாம். கலக்குகிற தண்ணீரையும் வெதுவெதுப்பாக்கித்தான் ஊற்றப் போகிறேன்.

அம்மா பின்வாசலில் தராசு வைத்துவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து யாராவது மீந்த சாதம் கொண்டுவந்தால் நிறுத்துப் பார்த்து 300 கிராமுக்கு மேல் வாங்குவதில்லை, மிச்சத்தை மறுநாளைக்கு ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லி அனுப்புகிறார். அடுத்த அளவு ஞாயிற்றுக்கிழமை. பாட்டிலில் அமிலம் 58 மில்லி இருக்கிறது, நாலு தடவைக்கு வரும்.